வலை நூலில் தைத்த புத்தகங்கள்

பெரிய டீச்சரின் கைப்பையில் எப்போதும் ஒரு கோணி ஊசி இருக்கும். துணி தைக்கும் ஊசி இல்லை. அரிசி மூட்டையின் வாயைத் தைப்பார்களே, நடுவிரல் நீளத்துக்கு, நுனி லேசாக வளைந்த இரும்பு ஊசி. பைக்குள் கையை விட்டால் குத்திவிடக் கூடாது என்று அதன் முனையில் பழைய பேனா மூடி ஒன்றைச் செருகி வைத்திருப்பார். வருகைப் பதிவேட்டின் முதுகு பிய்ந்தால் அந்த ஊசி வெளியே வரும். பிள்ளையின் பைப்பட்டி அறுந்தால் வரும். ஒருமுறை சத்துணவுக் கூடத்துச் சாக்குத் திரையைக் காற்று கிழித்தபோது, பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, நாற்காலி மேல் ஏறி நின்று தைத்தார். இதையெல்லாம் கேட்டால் உங்களுக்கு அவர் மேல் ஒரு பிரியம் வரும். எனக்கும் வந்தது, நவம்பர் மாதம் வரை. அதற்குப் பிறகு அந்த ஊசியைப் பார்த்தாலே பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அவர் திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் சந்து ஒன்றில் இருந்த தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எதிரே டீக்கடை வைத்திருப்பவருக்கும் அவர் பெரிய டீச்சர். அப்படியானால் சின்ன டீச்சர்கள் யாரென்று கேட்காதீர்கள், மற்ற எல்லோரும்தான். நான் என்ஜினீயரிங் முடித்து, ஒரு கம்பெனியில் திரையைப் பார்த்துக்கொண்டே ஓராண்டு உட்கார்ந்து, அதற்கு மேல் உட்கார முடியாமல் எழுந்து வந்தவள். சிறுவர் வாசிப்புக்கென்று வேலை செய்யும் ஒரு சிறிய அறக்கட்டளை என்னை அந்தப் பள்ளிக்கு அனுப்பியது. வேலை, சொன்னால் ஒரே வரிதான்: நல்ல புத்தகங்களாகத் தேர்ந்தெடுத்து ஓர் அலமாரியை நிரப்ப வேண்டும், ஐந்தாம் வகுப்பை முடித்துப் போவதற்குள் பிள்ளைகள் தாமாக எடுத்து வாசிக்கிறவர்களாக ஆக வேண்டும். அந்த ஒரு வரியை நம்பித்தான் ஜூன் மாதம் போய் நின்றேன்.

முதல் நாளே உலக உருண்டையைப் பார்த்தேன். தலைமையாசிரியை அறையில், மேசை மேல், ஒரு பாலிதீன் பைக்குள் இருந்தது. வாயைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள். நாலாம் வகுப்புக்குக் கண்டங்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போதும் பையோடுதான் அதை எடுத்துப் போவார்கள். அந்தப் பள்ளியில் பையோ உறையோ இல்லாத பொருளே கிடையாது. கணினிக்குப் பழைய வேட்டி. கடிகாரத்துக்குக் கண்ணாடிக் காகிதம். காரணம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே காற்றில் கரி வரும். எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். காலையில் துடைத்த பெஞ்சில் மதியம் விரலால் பெயர் எழுதலாம், பிள்ளைகள் எழுதுவார்கள். வெள்ளைச் சட்டை வெள்ளிக்கிழமைக்குள் சாம்பலாகும். போதாததற்கு உப்புக் காற்று. அப்படிப்பட்ட இடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவருக்கு எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் வரும்: இது எத்தனை நாள் தாங்கும்?

எனக்கு வேறு கேள்விகள் இருந்தன. அந்தக் கேள்விகளைத் தூக்கிக்கொண்டு நாலு மாதம் அலைந்தேன். கடைகளில் நின்றபடியே சிறுவர் புத்தகங்களை வாசித்து முடித்து, விற்பனையாளர்களின் முறைப்பையும் வாங்கிக்கொண்டேன். சிறுவர் புத்தகம் என்ற பெயரில் நம்மிடம் வருவதைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் புலம்பலாம். எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். படம் ஒரு பக்கம், கதை இன்னொரு பக்கம் போகும். கதை முடிந்த பிறகும் விடாமல், கட்டம் போட்டு ஒரு நீதி நிற்கும். எந்தப் பிள்ளையும் வாயில் வைக்காத ஒரு தமிழில் அந்தக் கதைப் பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். ‘மகிழ்ச்சியுற்றான்’ என்று வந்தால் மூன்றாம் வகுப்புப் பையன் அதோடு புத்தகத்தை மூடிவிடுவான், யாராக இருந்தாலும் மூடுவார்கள். விடுமுறை வந்தால் கதையில் எல்லோரும் ரயிலேறி ஆற்றங்கரைக்கும் மாந்தோப்புக்கும் போவார்கள். எங்கள் பிள்ளைகள் விடுமுறைக்கு எங்கும் போவதில்லை. போனால் பக்கத்திலேயே நெட்டுக்குப்பத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போவார்கள்.

கடல் வரும் புத்தகமாக இருந்தால் பிடிக்கும் என்று நினைத்து ஒன்றை வாங்கிப் போய் வாசித்துக் காட்டினேன். படத்தில் நீலக் கடல், மஞ்சள் மணல், மணல் வீடு கட்டும் தொப்பி போட்ட குழந்தைகள். எங்கள் கரையில் மணல் எங்கே இருக்கிறது? அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கல்தான் இருக்கிறது. ஒரு பையன் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “இது இன்னா ஊரு மிஸ், பாம்பேவா?” என்றான். மீன் ஒன்று பேசும் கதையையும் கொண்டுபோனேன். என்னைச் சாப்பிடாதே, நான் உன் நண்பன் என்று அது கெஞ்சும். அந்த இடத்தில் நிறுத்தி வகுப்பைப் பார்த்தேன். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல், இது தெரிஞ்சா எங்கப்பா தொழிலுக்கே போவாது மிஸ் என்று வந்தது. சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. அன்றைக்குத்தான் புரிந்தது, எனக்குப் பிடித்ததெல்லாம் நல்ல புத்தகம் ஆகிவிடாது என்று. புரிந்தது என்று சொல்கிறேன். ஒத்துக்கொண்டேன் என்று சொல்லவில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஐந்தாம் வகுப்பில் ஸ்டெல்லா இருந்தாள். வகுப்பிலேயே உயரமான பெண். பாடம் கேட்டால் மணி அடித்ததுபோல் ஒப்பிப்பாள். ஆகஸ்டு வரை அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் வரியை யாராவது சொல்லிவிட்டால் போதும், மீதியைக் காதில் விழுந்த ஞாபகத்திலிருந்து, படத்தைப் பார்த்துக்கொண்டே, விரலையும் சரியாக நகர்த்திக்கொண்டு சொல்லிவிடுவாள். ஒரு நாள் பக்கத்தைத் தவறாகத் திருப்பி வைத்துக்கொண்டு சரியான பாடத்தை ஒப்பித்தாள், அப்போதுதான் பிடிபட்டது. கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள இரண்டாம் வகுப்பில் பாதி வருஷம் வரவே இல்லையாம். எழுத்துகள் அவளை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டன. அவள் அம்மா மார்க்கெட்டில் மீன் விற்பவர். ஆறாம் வகுப்புக்கான பள்ளி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். கன்டெய்னர் லாரிகள் துறைமுகம் வரை வரிசை கட்டி நிற்கும் சாலை அது. படிப்பு ஏறாத பெண்ணை எதற்காகத் தினமும் அந்த ரோட்டைத் தாண்ட விடணும், வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும் என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டதாகப் பெரிய டீச்சர் சொன்னார். ஏப்ரலுக்குள் இந்தப் பெண் ஒரு புத்தகத்தை வாசித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தாம் வகுப்போடு சரி. இதில் எனக்கும் பெரிய டீச்சருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது.

தீபாவளிக்குப் பிறகு புத்தகங்கள் வந்து இறங்கின. அறக்கட்டளையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறைப்படி நான் எல்லாவற்றையும் தரம் பிரித்து முதுகில் வண்ணப் பொட்டு ஒட்டினேன். எழுத்துக் கூட்டுகிறவர்களுக்குச் சிவப்பு, கொஞ்சம் பழகியவர்களுக்கு மஞ்சள், சரளமாக வாசிப்பவர்களுக்குப் பச்சை. புத்தகம் தனக்கு ஏற்றதா என்று பிள்ளையே கண்டுபிடிக்க ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பக்கத்தை வாசி, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு, பக்கம் முடிவதற்குள் கை முழுதும் மடங்கிவிட்டால் அது உனக்கு இப்போது வேண்டாம். மடங்கிய கை என்றால் என்ன, முஷ்டி. பையன்கள் வேண்டுமென்றே கடினமான புத்தகமாக எடுத்து, கை மடங்கியதும் பக்கத்திலிருப்பவனை ஒரு குத்து விட்டார்கள். பொட்டுகளின் கதை அதைவிட மோசம். இரண்டே நாளில் சிவப்புக்கு ‘பேபி புக்கு’ என்று பெயர் வந்துவிட்டது. ஸ்டெல்லாவுக்கென்று நான் தேடிப் பிடித்து வந்த புத்தகம் சிவப்புப் பொட்டுதான். குறுகலான சந்துக்குள் மாட்டிக்கொண்ட ஒரு லாரியை வெளியே எடுக்கும் கதை. பக்கத்துக்கு ஒரு வரி. கிளீனர் கத்துகிற ‘வரட்டும், வரட்டும், ஓல்டான்’ எல்லாம் அப்படியே இருக்கும். அதை அவளிடம் நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள், பொட்டைப் பார்த்தாள், பின்னால் நின்ற இரண்டு பெண்களைப் பார்த்தாள். “எனுக்கு வாணாம் மிஸ். எந்தம்பிக்குக் குடு” என்று சொல்லிவிட்டுப் போனவள், பிறகு அந்த அலமாரிப் பக்கமே வரவில்லை.

டிசம்பரில் புயல் எச்சரிக்கை வந்தது. ஒரு வாரம் படகுகள் போகவில்லை, பள்ளிக்கும் மழை விடுமுறை. படகு போகாத நாட்களில் பள்ளிக்கு வந்து ஏதாவது செய்து கொடுப்பது அந்தத் தெரு ஆண்களின் வழக்கம். கதவுக்கு எண்ணெய் விடுவார்கள், உடைந்த கூரை ஓடுகளை மாற்றுவார்கள். மழை விட்டுப் பள்ளி திறந்த அன்று நான் உள்ளே நுழைந்தபோது, அலமாரியில் என் புத்தகங்களைக் காணோம். அவற்றின் இடத்தில், ஒரே மாதிரி, செங்கல் அடுக்கியதுபோல், காக்கி அட்டை போட்ட தடித்தடியான கட்டுகள் நின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்பு மையில் ஓர் எண். பெரிய டீச்சர் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, வீடு கட்டி முடித்தவர் மாதிரி நின்றிருந்தார்.

என் புத்தகங்களை மூன்று மூன்றாகச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். எது எதோடு சேர வேண்டும் என்று பார்த்தது அளவை மட்டும்தான். ஒரே நீள அகலத்தில் இருந்தவை ஒன்றாகிவிட்டன. சிவப்பு, மஞ்சள், பச்சை, பாட்டு, அறிவியல், கதை எல்லாம் கலந்து ஒரே அட்டைக்குள். ஊசி பெரிய டீச்சருடையது. நூல் வலை பின்னுகிற நைலான் நூல். முடிச்சு, வலையில் போடுகிற அதே முடிச்சு. அந்த வேலையைச் செய்த அப்பாக்களில் ஒருவர் அங்கேயே நின்றிருந்தார். ஒரு கட்டை எடுத்து இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக் காட்டி, “சுறா இய்த்தாகூட வராது டீச்சர்” என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். அவரிடம் நான் என்ன சொல்வது? ரொம்ப நல்லாயிருக்கு அண்ணா என்றேன்.

பெரிய டீச்சரிடம் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளைகள் அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் புத்தகம் எடுப்பார்கள், இன்னும் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அட்டைதானே வாசல், அதையே மூடிவிட்டீர்களே என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அதுதான் இன்னும் கடுப்பாக இருந்தது. பிறகு, முந்தி ஒரு தடவை வந்த மெல்லிய புத்தகங்களெல்லாம் ஒரே மழைக்காலத்தில் காகிதக் கப்பலாகிப் போன கதையைச் சொன்னார். மெல்லிசாக இருந்தால் சட்டைக்குள் போகும், டவுசருக்குள் போகும், தடியாக இருந்தால் எங்கே போகும் என்று கேட்டார். நான் மூச்சு விடாமல் பேசினேன். வாசிப்பு, தேர்வு, குழந்தையின் உரிமை என்று என்னிடம் இருந்த பெரிய சொற்களையெல்லாம் எடுத்துப் போட்டேன். அவர் விரலால் மேசையை ஒரு கோடு இழுத்து, கறுப்பான விரல் நுனியை எனக்குக் காட்டினார். “அடுத்தது எப்ப வரும்னு சொல்லும்மா, நாளைக்கே பிரிச்சிடறேன்.” அடுத்து புத்தகம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. அது அவருக்கும் தெரியும்.

அதன் பிறகு நடந்தவை நான் பயந்தபடியேதான் நடந்தன. முதல் வகுப்புக் குழந்தைகளால் அந்தக் கட்டுகளை ஒரு கையால் தூக்க முடியவில்லை. தரையில் வைத்து, பக்கத்தில் படுத்துக்கொண்டு புரட்டினார்கள். தையல் உள்விளிம்பைத் தின்றுவிட்டதால் வரிகளின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மடிப்புக்குள் போய்விட்டன. புத்தகத்தை விரிக்க ஒருவன், வாசிக்க ஒருவன் என்று ஜோடி சேர்ந்தார்கள். எதில் என்ன இருக்கிறது என்று தெரியாததால் எண்ணைச் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள். ஒரு பையன் தினமும் ஒரே எண்ணைக் கேட்டான். உனக்கு அந்தக் கதை அவ்வளவு பிடிச்சிருக்கா என்று ஆசையாகக் கேட்டேன். இல்ல மிஸ், அது எங்க அத்த வூட்டுக்குப் போற பஸ்ஸு நம்பரு என்றான். நான் அன்று மாலை டீக்கடையில் இரண்டு டீ குடித்தேன்.

ஆகவே பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, பெரிய டீச்சர் ஏதோ கூட்டத்துக்காக வெளியே போயிருந்த மதியம், கதவைச் சாத்திக்கொண்டு கட்டுகளைப் பிரிக்க உட்கார்ந்தேன். பிரிப்பது என்றால் சும்மா இல்லை. வலை நூலில் பிளேடு வழுக்குகிறது. முதல் கட்டிலேயே ஒரு பிளேடு உடைந்தது. சத்துணவு அக்காவிடம் கத்தரிக்கோல் வாங்கி வந்து, முடிச்சை நகத்தால் கிளப்பி, ஒவ்வொரு இழையாக நறுக்கினேன். அரை மணி நேரத்தில் ஒன்றோ இரண்டோ ஆகியிருக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்டெல்லா வந்தாள். மார்போடு அணைத்தபடி ஒரு காக்கிக் கட்டு. திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள். அவள் எப்போது எடுத்துப் போனாள் என்பதே எனக்குத் தெரியாது. மற்ற வகுப்புகள் விளையாடப் போகும் நேரத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சரிடம் கேட்டு வாங்கிப் போவாளாம், பொங்கல் முடிந்ததிலிருந்து.

“இன்னா மிஸ் பண்ற?”

பிரிக்கிறேன், எல்லாவற்றையும் பழையபடி குட்டிக் குட்டிப் புத்தகமாக ஆக்கப்போகிறேன், அப்போதுதான் எது யாருக்கு என்று தெரியும் என்று சொன்னேன். அவள் கையிலிருந்ததை வாங்கக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. ஓரடி பின்னால் போனாள்.

“இத்தப் பிரிக்காத மிஸ். பிரிச்சா பேபி புக்கு ஆயிடும். இப்போ பெரிய புக்கா கீது.”

அந்தக் கட்டில் முதலாவதாக இருந்தது லாரிக் கதை. வாசிச்சியா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். வாசித்துக் காட்டச் சொன்னேன். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, மடிப்பை முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை; படத்தை என் உள்ளங்கையால் மறைத்தேன். அவள் பாட்டுக்கு வாசித்தாள். பின்னாலிருந்து ஒரு பக்கத்தைத் திருப்பி நடுவில் ஒரு சொல்லைத் தொட்டேன். கொஞ்சம் திணறி, எழுத்துக் கூட்டி, ‘முட்டியது’ என்றாள். ஞாபகத்திலிருந்து வரும் சொல் திணறாது. ஒப்பிக்கும்போது ஓட்டமாக ஓடுகிற பெண், அந்த ஒரு சொல்லில் நின்று நின்று வந்தாள். அந்தத் திணறலைக் கேட்டதும் புத்தகத்தின் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டேன்.

சந்தோஷத்தோடு கோபமும் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? அவளுக்கு ஏற்ற புத்தகத்தைக் கண்டுபிடித்தவள் நான். அதை அவள் தொட முடியாதபடி செய்ததும் நான் ஒட்டிய பொட்டு. அந்தப் பொட்டைக் காக்கித் தாளுக்குள் புதைத்து, மூன்றை ஒன்றாக்கி, ஐந்தாம் வகுப்புப் பெண் வெட்கப்படாமல் எல்லோர் முன்னாலும் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கனத்துக்குக் கொண்டுவந்தவர், புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று திறந்துகூடப் பார்க்காத ஒருவர். அவர் யோசித்துச் செய்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். அதையும் கேட்டுப் பார்த்தேன். திங்கட்கிழமை, நறுக்கிய தையலுக்காக அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, ஸ்டெல்லாவின் விஷயத்தைச் சொல்லி, இதற்காகத்தான் தைத்தீர்களா டீச்சர் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இல்லம்மா, கரி படியுதேன்னு அட்டை போட்டேன்” என்றார். எரிச்சலுக்கு ஒரு வடிகாலாவது கிடைக்கும் என்று நினைத்தேன், அதுவும் இல்லை.

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. முதல் இரண்டு வகுப்புகளுக்கு ஏற்றவற்றைப் பிரித்துவிடலாம், பெரிய பிள்ளைகள் எடுப்பவை, ஸ்டெல்லாவின் கட்டு உட்பட, அப்படியே இருக்கட்டும். பிரிப்பதற்கு அந்த அப்பாவையே கூப்பிட்டோம். கட்டுன்றீங்க, அவுருன்றீங்க, இன்னாதான் வோணும் உங்குளுக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே, நான் அரை மணி நேரம் போராடிய முடிச்சை அவர் இரண்டே இழுப்பில் அவிழ்த்தார். பொட்டுகளை நானே உரித்துப் போட்டேன். காக்கி அட்டையை மட்டும் பெரிய டீச்சர் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு சின்னச் சன்னல் வெட்டி அட்டைப் படம் தெரிகிற மாதிரி செய்யலாமே என்று கெஞ்சினேன். சன்னல் வழியாகவும் கரி வரும் என்றார்.

ஏப்ரல் பாதியில் ஸ்டெல்லாவின் அம்மாவைப் பெரிய டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். மார்க்கெட் முடிந்து, காலிக் கூடையோடு, வாசலிலேயே நின்று, கால் கழுவிட்டு வரேன் டீச்சர் என்றவர் உள்ளே வந்தும் நாற்காலியில் உட்காரவில்லை. ஸ்டெல்லா என் பக்கத்தில் நின்றாள். அவள் கை வியர்த்து, காக்கி அட்டையில் விரல் தடம் விழுந்திருந்தது. பெரிய டீச்சர் முன்னுரை எதுவும் சொல்லவில்லை. படி என்றார். அவள் படித்தாள். இரண்டு இடத்தில் திணறினாள். ஒரு வரியை மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். கிளீனரின் ‘ஓல்டான்’ வந்த இடத்தில் அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முடித்ததும் அவர் புத்தகத்தை வாங்கினார். திறக்கவில்லை, அவருக்கு வாசிக்கத் தெரியாது. உள்ளங்கையில் வைத்து, வஞ்சிரத்தைத் தூக்கிப் பார்ப்பதுபோல், மேலும் கீழும் இரண்டு தடவை ஆட்டினார்.

“இம்மாங் கனமா கீது. இவ்ளோமா படிச்சே?”

நான் வாயைத் திறந்தேன். அது முழுப் புத்தகம் இல்லை, முதல் பகுதிதான், அதுவும் ஆரம்ப வாசிப்பு, ஆனாலும் இவள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் தெரியுமா என்று நேர்மையாக விளக்கப்போனேன். மேசைக்கு அடியில் பெரிய டீச்சரின் செருப்பு என் கால் மேல் வந்து உட்கார்ந்தது. லேசாக இல்லை. “இன்னும் பின்னாடி இருக்கு. மிச்சத்த ஆறாங்கிளாஸ் போய்ப் படிப்பா” என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அம்மா ரோட்டைப் பற்றிக் கேட்டார். அதே சந்திலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் போகிறார்கள், மூன்று பேரும் சேர்ந்துதான் தாண்டுவார்கள் என்றார் பெரிய டீச்சர். அம்மா புத்தகத்தை இன்னொரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்தார்.

“சரி, போவட்டும். லாரியப் பத்தியே படிக்குது. லாரியப் பாத்து நடக்காதா?”

நல்ல புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று நான் எழுதி வைத்திருந்த குறிப்புகளில் எடை என்ற சொல் எங்குமே இல்லை. அன்று மாலை அதைப் பெரிய டீச்சரிடம் சொல்லிச் சண்டை பிடித்தேன். நாம் அந்த அம்மாவை ஏமாற்றிவிட்டோம் என்றேன். அந்தப் பெண் படித்தாளா இல்லையா என்று கேட்டார். படித்தாள் என்றேன். அப்புறம் யாரை ஏமாற்றினோம் என்றார்.  அந்த மே மாதம் அவர் ஓய்வு பெற்றார். ஒரு துண்டு சாக்பீஸ் காணாமல் போனாலும் வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்கிறவர், ஸ்டெல்லா திருப்பித் தராமல் கொண்டுபோன புத்தகக் கட்டைப் பற்றி மட்டும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது நான் மீஞ்சூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கிறேன். பையில் எப்போதும் பத்துப் புத்தகமாவது இருக்கும். யாராவது பிள்ளை கையில் கொடுத்து, எந்தப் பக்கத்தில் மூடுகிறது என்று பார்ப்பேன். போன மாதம் திருவொற்றியூரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். சாலையின் அந்தப் பக்கம், நின்றுகொண்டிருந்த இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலிருந்து மூன்று பெண்கள் எட்டிப் பார்த்து, கை கோத்துக்கொண்டு கடந்து வந்தார்கள். நடுவில் இருந்தவள்தான் உயரம். என்னை அடையாளம் கண்டுகொண்டு நேராக வந்தாள். ஆறாம் வகுப்பு எப்படிப் போகிறது என்றேன். பேஜாரா கீது மிஸ், ஆனா போவுது என்றாள். புத்தகம் இன்னும் அவளிடம்தான் இருக்கிறதாம். மூன்றாவது கதையை முடித்துவிட்டாளாம். இரண்டாவதை விட்டுவிட்டாளாம்.

ஏன் என்று கேட்காமல் இருக்க முடியுமா? கேட்டேன்.

“ரெண்டாவது மொக்க மிஸ். ஒரு பையன் நிலாகிட்ட பேசிகினே கீறான். நிலா ஒண்ணியும் பேசல. இவனும் வூட்டுக்குப் போவல. யாரு மிஸ் இத்த எட்த்தது?”

அந்த நிலாக் கதைக்காக நான் எத்தனை கடை ஏறி இறங்கினேன் என்பதும், கடைசிப் பக்கத்தில் நின்றபடியே கண் கலங்கினேன் என்பதும் அவளுக்கு எதற்கு? பெரிய டீச்சராக இருக்கும் என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. பெரிய டீச்சர் உள்ளே எல்லாம் பார்க்காது மிஸ் என்றாள். பிறகு என் தோளில் தொங்கிய பையைப் பார்த்து, இப்போ இன்னா வெச்சினு கீற, காட்டு என்றாள். மூன்று பேருமாக என் பையை நடைமேடைத் திண்டில் கவிழ்த்தார்கள். என் பஸ் வந்தது, நின்றது, போயிற்று. அவர்கள் கவனிக்கவில்லை. முதல் பக்கத்தை வாசித்து, நடுவில் ஒரு பக்கத்தை வாசித்து, உதட்டைப் பிதுக்கி, வேண்டாததையெல்லாம் ஒவ்வொன்றாக என் கையில் அடுக்கினார்கள். நாலைந்து புத்தகங்கள் திண்டில் தங்கின. மற்றவை என்னிடமே திரும்பின. அந்த நிலாக் கதையின் ஒரு பிரதியும் அதில் இருந்தது. ஸ்டெல்லா அதைத் திறக்காமலே அடையாளம் கண்டு, அடுக்கின் உச்சியில் வைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரே ஒரு தடவை படித்துப் பார், முடிவு நன்றாக இருக்கும் என்றேன்.

“நீ படிச்சிக்கோ மிஸ்” என்றாள்.